மஞ்சள் கடுதாசி கொடுக்க இருந்த நகரமும் சில கேமராக்களும்

பி.காம் படிக்கிறவனுக்குப் புகைப்படத்தைப் பற்றி என்ன தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் இந்த விஷயத்துக்குள் என்னை இழுத்து விட்டதே வகுப்புதான். நிதி வகுப்பில் கடன் பத்திரங்கள் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்த பேராசிரியர், போகிற போக்கில் "1975-ல் நியூயார்க் நகரமே மஞ்சள் கடுதாசி கொடுக்க இருந்தது, தெரியுமா?" என்றார். எனக்குத் தெரியாது. கணக்கைத் தேடப் போனவன் படங்களில் மாட்டிக்கொண்டேன்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். தொழிற்சாலைகள் நகரத்தை விட்டுப் போயின. வசதி உள்ளவர்கள் புறநகருக்குப் போனார்கள். வரி வருமானம் குறைந்தது, செலவு குறையவில்லை. அன்றாடச் செலவுக்கே குறுகிய காலக் கடன் வாங்கி, அதை அடைக்க இன்னொரு கடன் வாங்கினார்கள். முதலாம் ஆண்டிலேயே செய்யாதே என்று நமக்குச் சொல்லித் தருகிற காரியம் இது! 1975-ல் வங்கிகள் கையை விரித்துவிட்டன. அக்டோபர் 29 அன்று அதிபர் ஃபோர்டு, நகரத்தைக் காப்பாற்ற மத்திய அரசு பணம் தராது என்று பேசினார். 'செத்துப் போ' என்று அவர் நகரத்திடம் சொன்னதாக மறுநாள் டெய்லி நியூஸ் தலைப்புப் போட்டது. அந்த வார்த்தையை அவர் சொல்லவே இல்லை. சில வாரங்களில் மனம் மாறிக் கடனுதவிக்கும் சம்மதித்தார். ஆனால் தலைப்புதான் நிலைத்தது.

1970-ல் சுமார் 78.9 லட்சமாக இருந்த மக்கள் தொகை 1980-ல் 70.7 லட்சம் ஆனது. பத்தே வருடத்தில் எட்டு லட்சம் பேர் குறைந்துவிட்டார்கள். ஆள் குறைந்தால் இடம் காலியாகும், வாடகை இறங்கும். தேவையும் அளிப்பும், அவ்வளவுதான். கதை இங்கேதான் சுவாரசியமாகிறது.

மன்ஹாட்டனில் சோஹோ என்ற பகுதியில் வார்ப்பிரும்புத் தூண்கள் வைத்த பழைய தொழிற்சாலைக் கட்டடங்கள் சும்மா கிடந்தன. அதன் வழியாகப் போக இருந்த விரைவுச் சாலைத் திட்டம் 1969-ல் கைவிடப்பட்டதால் அவை இடிபடாமல் தப்பின. பெரிய ஜன்னல், உயரமான கூரை, நல்ல வெளிச்சம். ஓவியர்கள் திருட்டுத்தனமாகக் குடியேறினார்கள். 1971-ல் நகராட்சியே விதியை மாற்றி, கலைஞர்கள் என்று சான்று பெற்றவர்கள் அங்கே வசிக்கலாம் என்று அனுமதித்தது. கலைஞன் என்பதற்கு அரசாங்கச் சான்றிதழ்! :-)

அந்த ஊரில் அப்போது காசில்லாமல் திரிந்த இரண்டு பேர் பாட்டி ஸ்மித்தும் ராபர்ட் மேப்பிள்தோர்ப்பும். 1969-ல் செல்சீ ஹோட்டலில் ஒரு சின்ன அறையில் தங்கினார்கள். அருங்காட்சியகத்துக்கு இரண்டு டிக்கெட் வாங்கப் பணம் இருக்காது. ஒருவர் மட்டும் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து மற்றவருக்குக் கதை சொல்வாராம். 1975-ல் பாட்டியின் முதல் இசைத்தட்டு 'ஹார்ஸஸ்' வந்தது. அதன் அட்டைப் படத்தை எடுத்தவர் ராபர்ட். வெள்ளைச் சட்டை, தோளில் தொங்கும் கறுப்புக் கோட்டு, ஜன்னல் வெளிச்சம். அன்று அவர் எடுத்தது மொத்தமே 12 படங்கள்.

அதே காலத்தில் ஏழைகளும் குடிகாரர்களும் ஒதுங்குகிற பவரி தெருவில், 1973 டிசம்பரில் சிபிஜிபி என்ற மதுக்கூடம் திறந்தது. ரமோன்ஸ், பிளாண்டி, டாக்கிங் ஹெட்ஸ் எல்லாம் வளர்ந்தது அங்கேதான். நியூயார்க் போஸ்ட் பத்திரிகையின் புகைப்படக்காரர் மார்த்தா கூப்பர், இளைஞர்கள் ரயில் பெட்டிகளில் வண்ணம் அடித்து எழுதியதைத் துரத்தித் துரத்திப் படம் எடுத்தார். நகராட்சி அதை அசிங்கம் என்றது. அவர் அதில் ஒரு கலையைப் பார்த்தார். ஹென்றி சால்ஃபன்டுடன் சேர்ந்து 1984-ல் அவர் வெளியிட்ட புத்தகம் உலகம் முழுக்கப் பல இளைஞர்களின் கையேடு ஆனது. அந்த ரயில் ஓவியங்களில் அநேகமாக எதுவும் மிஞ்சவில்லை. படம்தான் மிச்சம்.

இதுவரை படித்தபோது எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. அந்தக் காலம் போல வருமா என்று ஏங்கும் கட்டுரைகள் நிறைய இருக்கின்றன. அப்புறம்தான் ஒரு விவரம் கண்ணில் பட்டது. நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தின் தாய்க் கல்லூரி 1847-ல் இலவசக் கல்லூரியாகத் தொடங்கப்பட்டது. நூற்றாண்டுக்கு மேல் நகரத்துப் பிள்ளைகள் கல்விக் கட்டணம் இல்லாமல் படித்தார்கள். நெருக்கடியைக் காரணம் காட்டி 1976-ல் கட்டணம் விதித்தார்கள். பாட்டியும் ராபர்ட்டும் வாடகையில் மிச்சம் பிடித்த அதே வருடங்களில், ஏதோ ஒரு கடைநிலை ஊழியரின் மகன் கட்டணம் கட்ட முடியாமல் நின்றிருப்பான். செமஸ்டர் கட்டணத்துக்காக அப்பா யாரிடமோ போனில் பேசுவதைக் கேட்டவனுக்கு இது வெறும் வரலாறு இல்லை. பிராங்ஸ் பகுதியில் தெருத் தெருவாக வீடுகள் எரிந்தன. நகரத்துக்கு வேலை செய்த பல்லாயிரம் பேர் வேலை இழந்தார்கள். வாடகை குறைவு என்பது யாரோ ஒருவருடைய நஷ்டத்தின் மறுபக்கம். இரட்டைப் பதிவு முறையில் பற்று இல்லாமல் வரவு கிடையாதே!

அந்தக் கலைஞர்களும் விலை கொடுத்தார்கள். நான் கோல்டின் என்ற பெண் 11 வயதில் அக்காவைப் பறிகொடுத்தவர். படம் எடுத்துக்கொண்டே இருந்தால் யாரையும் இழக்க மாட்டோம் என்று நம்பினார். நண்பர்கள் சிரிப்பதையும் அழுவதையும் எடுத்து, கிளப்புகளில் ஸ்லைடு போட்டுக் காட்டினார். பார்க்க வந்தவர்களே படத்திலும் இருப்பார்கள். 1986-ல் அது புத்தகமாக வந்தது. ஆனால் எய்ட்ஸ் ஏற்கெனவே வந்திருந்தது. பீட்டர் ஹூஜார் என்ற அற்புதமான புகைப்படக்காரர் 1987-ல் இறந்தார். உயிரோடு இருந்தபோது அவருக்கு வந்தது ஒரே ஒரு புத்தகம். 1989-ல் மேப்பிள்தோர்ப் போனார். கோல்டினின் படங்களில் இருந்தவர்களும் ஒவ்வொருவராகப் போனார்கள். எவ்வளவு இழந்தேன் என்பதைத்தான் இந்தப் படங்கள் காட்டுகின்றன என்ற பொருளில் அவர் பின்னாளில் சொன்னார்.

நகரம் பிழைத்துக்கொண்டது. சோஹோ விலையுயர்ந்த கடைத்தெரு ஆனது. சிபிஜிபி 2006-ல் மூடப்பட்டது, கடைசி நாள் பாடியவர் பாட்டி ஸ்மித். 2008-ல் அந்த இடத்தில் ஆடம்பரத் துணிக்கடை வந்தது.

இன்னொன்று. அதே 1975-ல், அதே நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரில், கோடக் நிறுவனப் பொறியாளர் ஸ்டீவ் சாஸன் முதல் டிஜிட்டல் கேமராவைச் செய்தார். ஒரு படத்தை கேசட்டில் பதிய 23 வினாடி ஆகும். பிலிம் விற்றுப் பிழைத்த கோடக் அந்த மாற்றத்தில் தடுமாறி, 2012-ல் திவால் மனு கொடுத்தது. நகரம் பிழைத்தது, அதைப் படம் பிடிக்க பிலிம் விற்ற கம்பெனிதான் மஞ்சள் கடுதாசி கொடுத்தது.

என் போனில் நாலாயிரம் படங்கள் இருக்கின்றன. நேற்று தேடிப் பார்த்தேன். பாதி நோட்ஸ், மீதி சாப்பாடு. மூன்று வருடம் கூடவே இருந்த அறைத் தோழன் சும்மா உட்கார்ந்திருக்கிற ஒரு படம்கூட இல்லை. ஏப்ரலில் விடுதியைக் காலி செய்ய வேண்டும். அதற்குள் ஜன்னல் பக்கம் உட்கார வைத்து, பன்னிரண்டே படம், எடுக்கப் போகிறேன்.

நீங்களும் உங்கள் போனில் ஒருமுறை தேடிப் பாருங்களேன்.