டாம் வில்சாக்: சிற்றூர் மேயரும் அயோவா மாநில மேலவை உறுப்பினரும்

தாமஸ் ஜேம்ஸ் வில்சாக் (பிறப்பு: 1950 டிசம்பர் 13) அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அயோவா மாநிலத்தைச் சேர்ந்த வழக்கறிஞரும் ஜனநாயகக் கட்சி அரசியல்வாதியும் ஆவார். நாடளாவிய அளவில் வேளாண்மைச் செயலராகவே அவர் அறியப்பட்டாலும், அவரது பொதுவாழ்வு மவுண்ட் பிளசன்ட் என்னும் சிற்றூரின் மேயர் பதவியிலும் மாநிலச் சட்டமன்றத்திலும் உருப்பெற்றது.

பென்சில்வேனியாவின் பிட்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்க அனாதை இல்லம் ஒன்றில் விடப்பட்டு, 1951இல் தத்தெடுக்கப்பட்டு வளர்ந்த அவர், 1975இல் ஆல்பனி சட்டக் கல்லூரியில் பட்டம் பெற்றபின், மனைவி கிறிஸ்டியின் சொந்த ஊரான மவுண்ட் பிளசன்டில் குடியேறி, மாமனாரின் வழக்கறிஞர் அலுவலகத்தில் சேர்ந்தார். அயோவாவின் தென்கிழக்கில், ஹென்றி கவுண்டியின் (கவுண்டி என்பது மாநிலத்துக்குக் கீழ் உள்ள நிர்வாகப் பிரிவு) தலைநகராக விளங்கும் இவ்வூரின் மக்கள்தொகை பத்தாயிரத்துக்கும் குறைவு. எனினும் 1869இல் அமெரிக்காவின் முதல் பெண் வழக்கறிஞராக அரபெல்லா மான்ஸ்ஃபீல்டு ஏற்கப்பட்டது இங்கேதான்.

1986 டிசம்பர் 10 அன்று நகர்மன்றக் கூட்டம் நடந்துகொண்டிருந்தபோது, தன் வீட்டுக்குள் கழிவுநீர் பின்னோக்கிப் புகுந்த குறை தீர்க்கப்படவில்லை என்று சினம் கொண்டிருந்த உள்ளூர்வாசி ஒருவர் துப்பாக்கியால் சுட்டதில், மேயர் எட்வர்ட் கிங் உயிரிழந்தார். உறுப்பினர்கள் இருவர் காயமடைந்தனர். சாக்கடைக் குழாய், சாலை, குடிநீர் என அன்றாடத் தேவைகளைக் கவனிக்கும் இத்தகைய பதவியில் இருப்பவரும் முறையிடுபவரும் ஒரே தெருவில் எதிர்ப்படக் கூடியவர்கள் என்பதால், அந்த இழப்பு ஊர் முழுவதையும் உலுக்கியது. கொல்லப்பட்டவரின் தந்தையே வேண்டிக்கொண்டதன் பேரில் தேர்தலில் நின்ற வில்சாக், 1987 முதல் 1992 வரை மேயராகப் பணியாற்றினார். துயரத்தால் திறந்த வழி என்றாலும், அதில் அவர் ஐந்தாண்டு நிலைத்து நின்றதே கருதத்தக்கது.

1992 தேர்தலில் வென்று, அடுத்த ஜனவரியில் அவர் மாநில மேலவையில் அமர்ந்தார். ஐம்பது உறுப்பினர்களும் நான்காண்டுப் பதவிக்காலமும் கொண்ட இம்மேலவையும், நூறு உறுப்பினர் கொண்ட கீழவையும் சேர்ந்ததே அயோவாவின் சட்டமன்றம். அது ஆண்டின் முதல் சில மாதங்களே கூடுவதால், உறுப்பினர் பலர் தம் தொழிலையும் தொடர்வது வழக்கம். குடியரசுக் கட்சியின் டெர்ரி பிரான்ஸ்டாட் ஆளுநராக இருந்த அக்காலத்தில், மாநில வரிச்சலுகை பெறும் நிறுவனங்கள் தொழிலாளருக்கு மேம்பட்ட ஊதியமும் சலுகைகளும் தரவேண்டும் என்னும் சட்டத்துக்காகவும், வேலை மாறுவோர் மருத்துவக் காப்பீட்டை இழக்காதிருக்கவும் வில்சாக் முனைந்தார். மனநலச் சிகிச்சைக்குக் கவுண்டிகள் செய்யும் செலவில் பாதியை மாநிலமே ஏற்கவேண்டும் என்ற மசோதாவையும் அவர் எழுதினார். உள்ளூர் நிர்வாகத்தின் கருவூலம் எவ்வளவு சிறியது என்பதை மேயராக அறிந்தவரின் அக்கறை இதில் தெளிவாகத் தெரிகிறது. 1861இல் திறக்கப்பட்ட மாநில மனநல மருத்துவமனை அமைந்திருந்ததும் மவுண்ட் பிளசன்டில்தான்.

1998இல் அவர் ஆளுநர் பதவிக்குப் போட்டியிட்டார். அமெரிக்காவில் ஆளுநர் என்பவர் மக்களால் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டு மாநில ஆட்சியை நடத்துபவர். பொறுப்பால் இந்திய முதலமைச்சருக்கு நிகரானவர். முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் ஜிம் ராஸ் லைட்ஃபுட்டைத் தோற்கடித்த வில்சாக், முப்பதாண்டுகளுக்குப் பின் அயோவாவில் அப்பதவியை வென்ற முதல் ஜனநாயகக் கட்சியினரானார். 2002இல் மீண்டும் வென்று 2007 வரை பதவி வகித்த அவர், பராக் ஒபாமா ஆட்சியிலும் (2009–2017) ஜோ பைடன் ஆட்சியிலும் (2021–2025) மத்திய அரசின் வேளாண்மைச் செயலராக இருந்தார்.