இணைந்த மரபணுவும் இழக்கக் கூடாத நேரமும்

செல்கள் அளவின்றிப் பெருகுவதே புற்றுநோய் என்று நாம் எண்ணியிருக்கிறோம். முதிர வேண்டிய செல்கள் பாதியில் நின்றுவிடுவதும் புற்றுநோயாகலாம். 'அக்யூட் புரோமைலோசைட்டிக் லுகேமியா' எனும் ரத்தப் புற்றுநோய் அதற்குச் சான்று. உடனடியாகக் கவனித்தால் பெரும்பாலும் குணமாகும் இந்நோய், சில நாள் தாமதத்தால் உயிரைப் பறிக்கிறது என்பதாலேயே இதைப் பற்றி எழுதுகிறேன்.

இந்நோயில் 15, 17-ஆம் எண் குரோமோசோம்கள் உடைந்து, அவற்றின் துண்டுகள் இடம் மாறி ஒட்டிக்கொள்கின்றன. அமெரிக்க மருத்துவர் ஜேனட் ரௌலியும் அவரது குழுவினரும் 1977-இல் இதைக் கண்டறிந்தனர். இந்த மாற்றத்தால் 'பி.எம்.எல்.', 'ஆர்.ஏ.ஆர்.ஏ.' எனும் இரு மரபணுக்கள் ஒன்றாகி, இயல்பான உடலில் இல்லாத ஓர் இணைவுப் புரதத்தை உண்டாக்குகின்றன.

மரபணுவிலுள்ள செய்தி ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கப்பட்டால்தான் செல் அதன்படி இயங்கும். அந்தப் படியெடுத்தலை நெறிப்படுத்தும் புரதங்களுள் ஒன்றை உருவாக்குவது ஆர்.ஏ.ஆர்.ஏ. மரபணு. வைட்டமின் ஏ-யிலிருந்து உருவாகும் ரெட்டினாயிக் அமிலம் வந்து சேர்ந்ததும், வெள்ளணுக்கள் முதிர்வதற்கான மரபணுக்களை அப்புரதம் இயங்கச் செய்யும். இணைவுப் புரதமோ அதே மரபணுக்களின் மீது அமர்ந்து, படியெடுத்தலைத் தடுக்கும் புரதங்களைத் தன்னுடன் இறுக்கி வைத்துக்கொள்கிறது. உடலில் இயல்பாக உள்ள ரெட்டினாயிக் அமிலம் அந்தத் தடையை நீக்கப் போதுமானதாக இல்லை. முதிராத வெள்ளணுக்கள் எலும்பு மஜ்ஜையை நிறைக்கின்றன. ரத்தம் உறையும் முறை குலைகிறது.

அதே அமிலத்தின் ஒரு வடிவத்தை மருந்தாக மிகுந்த அளவில் கொடுத்தால் தடை விலகி, செல்கள் முதிர்கின்றன. ஷாங்காய் மருத்துவர் வாங் ஷென்யியின் குழு 1988-இல் வெளியிட்ட ஆய்வில், 24 நோயாளிகளுள் 23 பேருக்கு இம்மருந்தால் மட்டுமே நோய் தணிந்தது. சீனத்தின் ஹார்பின் நகர மருத்துவர்கள் பயன்படுத்திய ஆர்செனிக் ட்ரையாக்சைடு, இணைவுப் புரதத்தையே சிதைக்கிறது. நாம் வெள்ளைப் பாஷாணம் என அஞ்சும் அதே பொருள், மருத்துவமனைக் கண்காணிப்பில் மருந்தாகிறது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1998 முதல் 2004 வரை இம்மருந்தை மட்டும் முதன்மைச் சிகிச்சையாகப் பெற்ற 72 பேரில் 86 விழுக்காட்டினருக்கு நோய் முழுமையாகத் தணிந்தது.

ஆயினும், சிகிச்சையின் தொடக்க நாள்களிலேயே மூளையிலோ நுரையீரலிலோ ரத்தம் கசிந்து சிலர் இறந்துவிடுகின்றனர். ஆகவேதான், மரபணுப் பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல், ஐயம் எழுந்தவுடனேயே ரெட்டினாயிக் அமில மருந்தைத் தொடங்க வேண்டும் என்று சிகிச்சை நெறிமுறைகள் கூறுகின்றன.

மருந்து கைவசம் இருந்தால்தானே தொடங்க முடியும்? மாவட்டத் தலைமை மருத்துவமனைகள் அனைத்திலும் இந்த மாத்திரைகள் எப்போதும் இருப்பில் இருக்க வேண்டும் என்பது என் கருத்து. ஈறில் ரத்தக்கசிவு, காரணமற்ற தோல் கன்றல், குறைந்த தட்டணுக்கள் ஆகியவற்றோடு வருவோரின் ரத்தப் பூச்சை அன்றே நுண்ணோக்கியில் பார்க்கும் வழக்கமும் வேண்டும். எந்த மரபணுக்கள் இணைந்ததால் நோய் வந்தது என்பதை அறிவியல் கண்டறிந்துவிட்டது. அதற்கான மருந்தையும் தந்துவிட்டது. அது நோயாளியை முதல் நாளிலேயே சென்றடையச் செய்வது நிர்வாகத்தின் பொறுப்பு.