மாற்றுத்திறனாளி

மாற்று + திறன் + ஆளி. உழைப்பாளி, படைப்பாளி ஆகியவற்றில் வரும் அதே 'ஆளி'தான்; உடையவர் என்று பொருள். 2010இல், மு. கருணாநிதி முதலமைச்சராக இருந்தபோது, தமிழ்நாடு அரசு 'ஊனமுற்றோர்' என்பதை விலக்கி இச்சொல்லை ஏற்றது.

'ஊனம்' வடமொழி வழி வந்தது. குறைவு என்பது அதன் பொருள். புறநானூற்றின் 28ஆம் பாட்டு கூன், குறள், செவிடு உள்ளிட்ட எட்டு நிலைகளை 'எச்சம்' என்ற ஒரே பெயரில் அடக்குகிறது. ஆக, குறையை வைத்து ஆளுக்குப் பெயரிடும் வழக்கம் பழையது.

புதிய சொல்லிலும் ஒரு சிக்கல் உண்டு. எல்லாரிடமும் ஏதோ தனித்திறன் இருந்தே ஆகவேண்டும் என்று அது எதிர்பார்க்க வைக்கிறது. சாய்தளம் இல்லாத அலுவலகத்தால் வரும் சிரமத்தையும் மறைத்துவிடுகிறது. இந்தக் குறைகூறலில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் 'நொண்டி', 'குருடு' என்ற ஏச்சுகளைப் பொதுப்பேச்சிலிருந்து ஒதுக்க இச்சொல் உதவியிருக்கிறது.

அரசாணைக்கும் விண்ணப்பத்துக்கும் இச்சொல் போதும். நேரில் பேசும்போது பெயரோ, அண்ணா, அக்கா, சார் என்பதோதான் விளி. சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு என்ன வேண்டும் என்று உடன் வந்தவரிடம் விசாரிக்காதீர்கள், அவரிடமே கேளுங்கள்.