அமைதிப் பேச்சில் பெண்கள்: அதிகாரிகளுக்கும் பயிற்சி தேவை

தென் பிலிப்பைன்ஸின் மிண்டானாவில் நீண்டகாலம் நடந்த போரை நிறுத்த, 2014 மார்ச் 27இல் அரசாங்கமும் மோரோ இஸ்லாமிய விடுதலை முன்னணியும் உடன்பாடு கண்டன. மலேசியா நடுநிலை வகித்து, கோலாலம்பூரில் நடந்த பேச்சுகளின் பலன் அது. அரசாங்கக் குழுவுக்குத் தலைமை ஏற்றுக் கையெழுத்திட்டவர் மிரியம் கொரோனல் ஃபெரர் என்ற பெண் பேராசிரியர்.

இதற்கான வழி முன்பே திறக்கப்பட்டிருந்தது. 2000 அக்டோபர் 31இல் ஐ.நா. பாதுகாப்பு மன்றம் ஏற்ற 1325ஆம் தீர்மானம், அமைதி முயற்சிகளில் பெண்களுக்கு இடம் கோரியது. ராணுவத்தினருக்கும் போலீசாருக்கும் பெண்களின் பாதுகாப்பு, உரிமைகள், தேவைகள் குறித்துப் பயிற்சி அளிக்கவும் நாடுகளைக் கேட்டுக்கொண்டது.

பிலிப்பைன்ஸ் 2009இல் இயற்றிய ‘மகளிர் மாக்னா கார்ட்டா’ சட்டம் அமைதிக் குழுக்களில் பெண்களின் எண்ணிக்கையை உயர்த்தச் சொல்கிறது. வன்முறையிலிருந்து பெண்களைக் காக்கும் பணியில் உள்ள அரசு ஊழியர்கள் அனைவருக்கும் மனித உரிமை, பாலினச் சமத்துவப் பயிற்சி கட்டாயம். ஒவ்வோர் அரசாங்கத் துறையும் தன் நிதியில் குறைந்தது 5 விழுக்காட்டைப் பாலின மேம்பாட்டுக்கு ஒதுக்க வேண்டும்.

பயிற்சி ஏன்? ஊர்ப் பெரியவர்களான ஆண்களிடம் மட்டும் கேட்டுவிட்டுத் திரும்புவது அதிகாரிகளுக்கு எளிது. பெண்கள் வரக்கூடிய நேரத்தில் கூட்டம் வைப்பது, தேவைப்பட்டால் அவர்களைத் தனியே சந்திப்பது, பாதிக்கப்பட்டவரின் புகாரை அவமதிக்காமல் கேட்பது எல்லாம் கற்றுக்கொள்ள வேண்டியவை. கிராமத்துப் பெண் ஐ.நா. தீர்மானத்தைப் பார்ப்பதில்லை, முன்னால் நிற்கும் அதிகாரியைத்தான் பார்க்கிறார்.