10 டே (இசைத்தொகுப்பு)

10 டே என்பது சிகாகோவைச் சேர்ந்த சான்ஸ் த ராப்பர், 2012 ஏப்ரல் 3 அன்று தாமே வெளியிட்ட முதல் மிக்ஸ்டேப் ஆகும். அப்போது அவருக்கு வயது 18. உயர்நிலைப் பள்ளி இறுதியாண்டில், கஞ்சா வைத்திருந்ததற்காக அவர் 10 நாட்கள் இடைநீக்கம் செய்யப்பட்டார். தொகுப்பின் பெயரும் கருவும் அந்நாட்களில் பிறந்தவை. நகரின் ஹரால்டு வாஷிங்டன் நூலகத்திலிருந்த யூமீடியா இளைஞர் மையமே அவர் மேடையேறிப் பழகிய இடம்.

இசை நிறுவனம் எதன் துணையுமின்றி, இணையத்தில் இலவசமாக வழங்கப்பட்ட இத்தொகுப்பைப் போர்ப்ஸ் இதழ் அறிமுகப்படுத்தியது. பாடகர் சைல்டிஷ் காம்பினோ, அதே ஆண்டில் தம் இசைப் பயணத்தில் இவரையும் மேடையேற்றினார். 2013இல் வந்த ஆசிட் ராப் விமர்சகர்களிடம் இன்னும் பரந்த பாராட்டைப் பெற்றது. 2017இல் கலரிங் புக் கிராமி விருது வென்றது.

பள்ளி வெளியே நிறுத்திய மாணவருக்குப் பொது நூலகத்தின் கதவு திறந்திருந்தது என்பதே இவ்வரலாற்றில் ஆசிரியர்கள் கவனிக்க வேண்டிய செய்தி.