கோயிலூரும் குடியேற்றவூரும்

ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஏறிக் கண்ணயரும் முன் ராஜபாளையம் வந்துவிடும்; நடுவே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். ஆனால் இடைக்கால வரலாற்றைத் தேடிப் போகிறவருக்கு இரண்டு ஊரும் வைக்கிற வேலை வேறு வேறு.

ஸ்ரீவில்லிபுத்தூரில் தேடவே வேண்டாம். வடபத்ரசாயி கோயிலின் 11 நிலைக் கோபுரம் தூரத்திலேயே கண்ணில் பட்டுவிடும். பெரியாழ்வாரும் ஆண்டாளும் வாழ்ந்தது 8, 9-ஆம் நூற்றாண்டுகளில் என்பது பொதுவான கருத்து. அதன்பின் பாண்டியர் போய் விஜயநகரத்தார் வந்தாலும், அவர்கள் போய் நாயக்கர் வந்தாலும், கோயில்தான் ஊருக்கு அச்சு. திருமலை நாயக்கர் (1623–1659) இங்கே ஓர் அரண்மனையே கட்டினார். ஆண்டாளுக்குப் பூஜை முடிந்த சேதி மணியோசையாக மதுரைக்கு எட்டிய பிறகே அவர் சாப்பிட உட்கார்வாராம். அதற்காக வழிநெடுக மணி மண்டபங்கள் எழுப்பினாராம். கதையை நம்புவது அவரவர் பாடு.

கல்லைவிட எனக்குப் பெரிதாகப் படுவது அங்கே விடாமல் நடக்கும் கைவேலை. ஆண்டாள் கையிலிருக்கும் கிளியைத் தினமும் புதிதாகக் கட்டுகிறார்கள்: அலகுக்கு மாதுளம்பூ, உடம்புக்கு மரவள்ளி இலை. சூடிக் களைந்த மாலை சித்திரையில் கள்ளழகருக்கும் புரட்டாசியில் திருப்பதிக்கும் போகிறது.

ராஜபாளையத்தில் இப்படி அண்ணாந்து பார்க்க ஒன்றுமில்லை. அதனால் 1936-இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா தொடங்கிய மில்லோடுதான் ஊரே பிறந்தது போலப் பேசுகிறவர்கள் உண்டு. ஆனால் விஜயநகரப் படைகளோடு தெற்கே வந்து தங்கிவிட்ட போர்க்குடி நாங்கள் என்பது இவ்வூரின் ராஜுக்கள் சமூகம் வழிவழியாகச் சொல்லும் வரலாறு. அதற்குத் தடயம் தெருக்களில்தான் கிடக்கிறது: பழையபாளையம், புதுப்பாளையம், சிங்கராஜாக்கோட்டை, சக்கராஜாக்கோட்டை. கோட்டை என்றதும் மதிலைத் தேடிப் போனால் ஏமாற்றம்தான். வீடுகளும் சாவடியும் இருக்கும். வீட்டுக்குள் இன்றும் தெலுங்குப் பேச்சு.

இரண்டு ஊரையும் ஒரே சட்டகத்தில் வைத்துப் பார்க்கச் செய்வதும் அந்தத் தெலுங்குதான். கிருஷ்ணதேவராயர் (1509–1529) ஆண்டாளின் கதையைத் தெலுங்கில் ‘ஆமுக்தமால்யதா’ என்ற காவியமாகப் பாடினார். ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் தெலுங்கு ஓர் அரசனின் எழுத்தாணி வழியாக வந்தது. ராஜபாளையத்துக்குக் குடும்பம் குடும்பமாக வந்தது. முன்னதை இலக்கிய வரலாறு என்கிறோம், பின்னதைத் திண்ணைப் பேச்சென்று தள்ளுகிறோம். இது நியாயமில்லை.

அதற்காக ராஜபாளையத்தை வெறும் குடியேற்றம் என்று எழுதிவிடவும் முடியாது. ஊருக்குள்ளேயே பெத்தவநல்லூர் மாயூரநாதர் கோயில் இருக்கிறது. பக்கத்தில் சோழபுரத்தில் பாண்டியன் பெயரைத் தாங்கிய விக்கிரமபாண்டீஸ்வரர் இருக்கிறார். வந்தவர்கள் வெற்று நிலத்தில் இறங்கவில்லை.

2011 கணக்கெடுப்பில் ராஜபாளையத்தில் சுமார் 1.3 லட்சம் பேர், ஸ்ரீவில்லிபுத்தூரில் 75 ஆயிரம். மூத்த ஊரை இளைய ஊர் முந்தியதற்குப் பருத்தி ஒரு காரணம். இன்னொன்று என் கணிப்பு: கோயிலூரில் வந்த செல்வம் மானியமாகவும் கட்டளையாகவும் கோயிலோடு கட்டுண்டு கிடந்தது, ராஜபாளையத்தில் அது நிலத்திலிருந்து வியாபாரத்துக்கும், அங்கிருந்து மில்லுக்கும் கைமாற முடிந்தது.