அவார்டு: திருத்தணியில் ஒரு சொல்லின் இரு பொருள்

திருத்தணியின் அண்மைக்கால வரலாற்றில் ‘அவார்டு’ என்ற ஆங்கிலச் சொல் இரண்டு இடங்களில் வருகிறது. 1888 செப்டம்பர் 5 அன்று இவ்வூரில் பிறந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணனின் பெயரால் தமிழக அரசு ஆண்டுதோறும் நல்லாசிரியர்களுக்குத் தருவது ஓர் அவார்டு. 1960 ஏப்ரல் 1 அன்று இவ்வூரை ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்துக்குக் கொண்டுவந்தது இன்னோர் அவார்டு. அதன் பெயர் படாஸ்கர் அவார்டு. முன்னதில் மேடையும் சால்வையும் உண்டு. பின்னதில் இருந்தவை கிராமப் பட்டியலும் மக்கள்தொகைக் கணக்கும் எல்லைக் கோடும்தான்.

தமிழ் பேசும் எல்லையோர ஊர்களுக்காக நடந்த வடக்கெல்லைப் போராட்டத்தைப் பற்றி ஆங்கிலத்தில் முதன்முதலாகப் படிக்கும் இன்றைய மாணவர், படாஸ்கர் என்ற பெரியவரின் பெயரில் வழங்கப்பட்ட பரிசு அது என்று நினைத்துவிட்டால் அவரைக் குறை சொல்ல முடியாது. அவருக்குத் தெரிந்த அவார்டு எல்லாம் கைதட்டலோடு கொடுக்கப்படுபவை. சொல்லின் வரலாறோ வேறு வழியில் வந்தது.

14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இச்சொல் ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோது பரிசு என்ற பொருள் அதில் துளியும் இல்லை. வடபிரெஞ்சு வழக்கில் ‘எஸ்வார்டே’ என்றிருந்த வினைச்சொல்லே இதன் மூலம். கூர்ந்து பார்த்தல், ஆராய்ந்து முடிவு செய்தல் என்பன அதன் பொருள்கள். அதற்குள் இருக்கும் ‘வார்டு’ என்ற பகுதி ஜெர்மானிய வேர் ஒன்றிலிருந்து வந்தது. காவல், கண்காணிப்பு என்று பொருள்படும். நகராட்சி வார்டு, விடுதி வார்டன், ரயில் கார்டு ஆகிய சொற்களும் அதே வேரில் கிளைத்தவைதான். அரக்கோணம்–ரேணிகுண்டா பாதையில் திருத்தணி நிலையத்தைக் கடக்கும் வண்டியின் கார்டுக்கும் ஆசிரியர் பெறும் அவார்டுக்கும் உறவு உண்டு என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம். பார்த்துக்கொள்பவர் கார்டு, பார்த்துச் சொல்லப்பட்டது அவார்டு.

ஆக, முதற்பொருள் வழக்கு சார்ந்தது. இரு தரப்பினர் தம் பூசலை நடுவர் ஒருவரிடம் ஒப்படைக்கிறார்கள். அவர் ஆராய்ந்து சொல்லும் முடிவு அவார்டு. ஷேக்ஸ்பியரின் ‘வெனிஸ் வணிகன்’ நாடகத்தில், ஒரு பவுண்டு சதை கேட்ட வழக்கில் போர்ஷியா இச்சொல்லை வினையாகக் கையாள்வதும் இந்தப் பொருளில்தான். தீர்ப்பின் வழியே ஒருவருக்குக் கிடைக்கும் பொருளையும் அவார்டு என்று அழைக்கும் வழக்கம் 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் தோன்றியது. போட்டி நடுவர்கள் தரும் பரிசு வரை அது விரிந்தது பிற்பாடு.

இந்தியச் சட்டங்கள் பழைய பொருளை விடவே இல்லை. நடுவர் மன்றத்தின் முடிவை 1940, 1996 ஆண்டுகளின் நடுவர் தீர்ப்புச் சட்டங்கள் இரண்டுமே அவார்டு என்கின்றன. 1947இன் தொழில் தகராறுச் சட்டத்தில் தொழிலாளர் நீதிமன்றம் சொன்னதும் அவார்டுதான். சாதாரண மக்களின் காதில் இச்சொல் அதிகம் விழுவது நில எடுப்பில். 1894ஆம் ஆண்டுச் சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி, எடுக்கப்படும் நிலத்தின் பரப்பையும் இழப்பீட்டையும் அதில் யார் யாருக்கு எவ்வளவு என்பதையும் கலெக்டர் வரையறுத்துச் சொன்னது அவார்டு. 2013இன் புதிய சட்டத்திலும் அதே சொல் தொடர்கிறது. சித்தூர்–தச்சூர் சாலைக்காகப் பள்ளிப்பட்டு, ஊத்துக்கோட்டைப் பக்கம் நிலம் அளக்கப்பட்டதைக் கண்ட ஒரு விவசாயிக்கு ‘அவார்டு பாஸ் ஆயிடுச்சு’ என்பது மகிழ்ச்சியான செய்தி அல்ல. பரம்பரை நிலம் கைவிட்டுப் போகிறது என்பதே அவர் அறிந்த பொருள். வருவாய்த் துறைத் தமிழ் இதற்குத் ‘தீர்வம்’ என்ற நல்ல சொல்லை வைத்திருக்கிறது. அது அலுவலகக் கோப்பைத் தாண்டி வெளியே வராமல் போனது வருந்தத்தக்கது.

அரசியலில் இச்சொல் மக்களைப் பிரித்தது. பிறகு நாட்டையே பிரித்தது. 1932 ஆகஸ்டில் பிரிட்டிஷ் பிரதமர் ராம்சே மக்டொனால்டு அறிவித்த ‘கம்யூனல் அவார்டு’ தமிழில் வகுப்புத் தீர்ப்பு என்றே வழங்கியது. அதை எதிர்த்துக் காந்தி உண்ணாநோன்பு இருந்தார். அதன் விளைவாகச் செப்டம்பர் 24 அன்று உருவான பூனா ஒப்பந்தத்தில் அம்பேத்கருடன் ரெட்டமலை சீனிவாசன், எம். சி. ராஜா, ராஜாஜி ஆகிய தமிழகத்தாரும் கையெழுத்திட்டனர். 1947 ஆகஸ்ட் 17 அன்று வெளியான ராட்கிளிஃப் அவார்டு பஞ்சாபையும் வங்காளத்தையும் அறுத்தது. அக்காலத் தமிழ் வாசகருக்கு அவார்டு என்பது நெஞ்சைப் பதறவைக்கும் சொல். பரிசு நினைவுக்கு வந்திருக்காது.

இந்தப் பின்னணியில்தான் படாஸ்கரின் பெயரை வைத்துப் பார்க்க வேண்டும். திருத்தணி முதலில் வடஆர்க்காட்டில் இருந்தது. 1911இல் சித்தூர் மாவட்டம் அமைந்தபோது அதனுடன் போயிற்று. எல்லாம் ஒரே சென்னை மாகாணமாக இருந்தவரை இது வெறும் நிர்வாக மாற்றம். 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் பிறந்ததும் மாவட்ட எல்லையே மாநில எல்லையாகிவிட்டது. தமிழ் பேசும் ஊர்கள் பல ஒரே நாளில் அந்தப் பக்கம் நின்றன. ம. பொ. சிவஞானத்தின் தமிழரசுக் கழகம் வடக்கெல்லைப் போராட்டத்தை நடத்தியது. அவரும் தொண்டர்களும் சிறை சென்றனர். எல்லையோர ஊர்களில் தமிழ் கற்பித்துவந்த ஆசான் மங்கலங்கிழார், திருத்தணி வழக்கறிஞர் கே. விநாயகம் ஆகியோர் உள்ளூரில் அதற்கு வேராக இருந்தார்கள்.

இரு மாநிலங்களுக்கும் இடையே பேசித் தீர்க்க, மத்திய அரசில் சட்டத் துறை அமைச்சராகப் பணியாற்றிய ஹரி விநாயக் படாஸ்கர் நியமிக்கப்பட்டார். அவர் பின்பற்றிய நெறி மூன்றே: கிராமத்தை அலகாகக் கொள்வது, நிலத்தொடர்ச்சி அறாமல் பார்ப்பது, பெரும்பான்மையோரின் மொழியைக் கணக்கில் எடுப்பது. மாவட்டம், தாலுகா என்ற பெரிய அலகுகளை வைத்துக்கொண்டு வாதாடியவர்களுக்கு முன்னால் கிராமம் கிராமமாகப் பார்த்ததுதான் அவர் வேலையின் சிறப்பு. கூர்ந்து பார்த்தல் என்ற வேர்ப்பொருளுக்கு இதைவிடப் பொருத்தமான இந்திய எடுத்துக்காட்டைக் காண்பது கடினம். கர்நாடகத்துடனான பெளகாவி எல்லைச் சிக்கலில் மகாராஷ்டிரம் இன்றும் கேட்பது இதே கிராம அலகு நெறியைத்தான்.

ஒரு நுட்பத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். படாஸ்கர் நடுவராக அமர்ந்தவர் அல்லர். சமரசம் செய்ய வந்தவர். சட்டக் கண்ணோடு பார்த்தால் சமரசர் தருவது அவார்டு ஆகாது. அது தானாக யாரையும் கட்டுப்படுத்தவும் செய்யாது. அரசியலமைப்பின் 3ஆம் பிரிவின்படி மாநில எல்லையை மாற்றும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கே உரியது. ஆகவே 1959இல் ஆந்திரப் பிரதேச, சென்னை எல்லை மாற்றச் சட்டம் இயற்றப்பட்ட பிறகே அவர் சொன்னது செயலுக்கு வந்தது. திருத்தணி இங்கே வந்தது. சத்தியவேடு அங்கே போயிற்று. அப்போது மாநிலங்களவைத் தலைவராக இருந்தவர் திருத்தணியில் பிறந்த ராதாகிருஷ்ணன்.

இனி மற்ற அவார்டு. இதற்குத் தமிழில் நிலைத்துவிட்ட ‘விருது’ என்ற சொல்லுக்கும் தனிக் கதை உண்டு. வடமொழி ‘பிருத’ என்பதிலிருந்து வந்த இச்சொல் அரசர்களின் பட்டப்பெயரையும் வெற்றிக் கொடியையும் சின்னத்தையும் குறித்தது. விசித்திரசித்தன், மத்தவிலாசன், குணபரன் என்பவை பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் விருதுகள். யாரும் மேடையில் தந்தவை அல்ல. பல்லவன் அபராஜிதன் காலத்து வீரட்டானேசுவரர் கோயிலைக் கொண்ட திருத்தணி, அப்படி விருதுப்பெயர்களால் தம்மை அறிவித்துக்கொண்ட பல்லவர் ஆண்ட நாடு. 1923இல் விருதுபட்டி விருதுநகர் ஆனபோதும் ஊர்ப்பெயரில் நின்றது இந்தப் பழைய சொல்தான்.

இதில் ஒரு முரண் ஒளிந்திருக்கிறது. அரசியலமைப்பின் 18ஆம் பிரிவு பட்டங்களை ஒழித்தது. ஆனால் 1954இல் பாரத ரத்னா தொடங்கப்பட்டு, ராஜாஜி, சி. வி. ராமன் ஆகியோருடன் ராதாகிருஷ்ணனுக்கும் முதல் ஆண்டிலேயே வழங்கப்பட்டது. பாரத ரத்னாவும் பத்ம விருதுகளும் பட்டங்கள் ஆகா, பெயருக்கு முன்னும் பின்னும் அவற்றை ஒட்டிக்கொள்ளக் கூடாது என்று பாலாஜி ராகவன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1995 டிசம்பரில் தெளிவாக்கியது. அவார்டு வேறு, பட்டம் வேறு என்று சட்டம் பிரித்துவிட்டது. ஆனால் தமிழில் நாம் அவார்டுக்கு வைத்த பெயரின் பழம்பொருளே பட்டம். நம் ஊர்ச் சுவரொட்டிகளில் விருது பெற்றவர் பெயருக்கு முன்னால் அந்த விருது ஏறி உட்கார்ந்துகொள்வதற்கு இந்தச் சொல்வழியும் ஒரு காரணம் என்று கருத இடமுண்டு.

பொருள் குழப்பம் பழங்கதை என்று எண்ண வேண்டாம். 2007 பிப்ரவரி 5 அன்று காவிரி நடுவர் மன்றம் அளித்த முடிவை ஆங்கில நாளேடுகள் அவார்டு என்று எழுதின. 1956இன் நதிநீர்த் தகராறுச் சட்டம் அந்த முடிவை அவார்டு என்று சொல்லவே இல்லை. தமிழ் நாளேடுகள் இறுதித் தீர்ப்பு என்று எழுதின. தமிழே இங்கு துல்லியமாக இருந்தது. வகுப்புத் தீர்ப்பு, படாஸ்கர் தீர்ப்பு என்று எழுதிய முந்தைய தலைமுறையும் அதைப் பரிசோடு குழப்பிக்கொள்ளவில்லை. பாடநூலும் போட்டித்தேர்வு நூலும் எழுதுவோர் ஆங்கிலத்தைப் பார்த்து ‘படாஸ்கர் விருது’ என்று பெயர்க்கும் முன் ஒரு நொடி நின்று பார்க்க வேண்டும். நடுவர் சொன்னால் தீர்ப்பு, கலெக்டர் வரையறுத்தால் தீர்வம், செப்டம்பர் 5 அன்று ஆசிரியர் கையில் கொடுத்தால் விருது.